எம்.ஏ. தியரி பேப்பரில் மாட்டிக்கொண்டேன்: அந்தக் கட்டுரையில் தூக்குப் போட்டுக்கொண்ட பெண் யார்?

நெல்லைச்சீமை (செவ்வாய், இரவு 10.40)

வணக்கம். எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு, அரசு உதவி பெறும் கல்லூரி. இந்த செமஸ்டரில் இலக்கியக் கோட்பாடு ஒரு பேப்பர். செமினாருக்கு எனக்கு விழுந்தது கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக் 1988இல் வெளியிட்ட 'விளிம்புநிலையினர் பேச முடியுமா?' கட்டுரை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையை நான் படிக்கவில்லை. கைடில் நான்கு பக்கம், யூடியூபில் இருபது நிமிட வீடியோ, இரண்டையும் கலந்து பதினோரு ஸ்லைடு. மேடம் கடைசி வரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்: "சரிம்மா, இதுல ஒரு பொண்ணு தூக்குப் போட்டுக்கிறாளே, அவ யாரு?"

சதி, அதாவது உடன்கட்டை ஏறுவது பற்றி ஏதோ இருந்தது ஞாபகம் வந்தது. "கணவனோட சிதையில..." என்று இழுத்தேன். "தூக்குன்னு சொன்னேன். தீ இல்ல" என்றார். அப்புறம் வகுப்பைப் பார்த்தார். முப்பத்திரண்டு பேர். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். "அடுத்த வாரம் திரும்ப எடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரிஜினலைத் திறந்தேன். முதல் பத்தியைத் தாண்ட முக்கால் மணி நேரம். இதை எப்படிப் படிப்பது? இதையே மேலே எடுத்துப் படிக்கிற ஆட்கள் இருக்கிறார்களா? அப்பா கேட்கிற கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன்: "இத படிச்சு என்னம்மா ஆகப்போகுது?"


நெட்_மூன்றாம்முறை (செவ்வாய், இரவு 11.05)

தங்கச்சி, வேலைக்கு ஆகிறதைச் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஆங்கிலத்துக்குப் பத்து யூனிட். பண்பாட்டு ஆய்வு ஒன்று, விமர்சனம் ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடு ஒன்று. இரண்டாம் தாளில் நூறு கேள்வி, ஒவ்வொன்றும் 2 மதிப்பெண். நெகட்டிவ் மார்க் கிடையாது. 'பின்வரும் நூல்களைக் கால வரிசைப்படுத்துக' என்றுதான் வரும். தூக்குப் போட்டது யார் என்று எவனும் கேட்க மாட்டான். பெயரும் ஆண்டும் மனப்பாடம் பண்ணுங்கள். ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதற்கப்புறம் ஸ்பிவாக்கை நிதானமாகப் படிக்கலாம்.


கரும்பலகை (புதன், காலை 6.15)

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பேப்பரை எடுக்கிறேன். முதலில் ஒன்று: உங்கள் மேடத்துக்கு நன்றி சொல்லுங்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்காமலே பல வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அந்தக் கட்டுரையை முதல் பத்தியிலிருந்து படித்தால் யாருக்கும் மூச்சு முட்டும். கடைசி இரண்டு மூன்று பக்கத்தை முதலில் படியுங்கள். பெயர் புவனேஸ்வரி பாதுரி. பதினாறு பதினேழு வயது. 1926இல் வட கல்கத்தாவில் தன் அப்பாவின் வீட்டில் தூக்கிட்டுக்கொண்டாள். கல்யாணமாகாத அந்த வயதுப் பெண் அப்படிச் செத்தால் ஊர் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சாகும்போது அவள் மாதவிலக்கில் இருந்தாள். அதாவது வயிற்றில் பிள்ளை இல்லை. ஊர் எடுத்து வைத்திருந்த காரணம் அங்கே பொருந்தவில்லை.

ஏறக்குறையப் பத்து வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிகிறது. ஆயுதப் போராட்டக் குழு ஒன்றில் அவள் உறுப்பினர். அரசியல் கொலை ஒன்றை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். செய்ய மனம் வரவில்லை, குழுவைக் கைவிடவும் முடியவில்லை. மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருந்து செத்தாள் என்கிறார் ஸ்பிவாக். எழுதிவைக்க முடியாததை உடம்பால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்கப்புறம் வருவதுதான் என்னைப் படுத்தும் இடம். அந்தக் குடும்பத்துப் பெண்களிடம் கேட்டால், ஏதோ கள்ளக் காதலாம் என்கிறார்கள். அவ்வளவு மெனக்கெட்டு அவள் அழித்துவிட்டுப் போன அதே கதை.

இதைப் படித்தபின் நடுப்பகுதிக்கு வாருங்கள். 1829இல் சதியைத் தடை செய்தார் பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க். பழுப்பு ஆண்களிடமிருந்து பழுப்புப் பெண்களை வெள்ளை ஆண்கள் காப்பாற்றினார்கள் என்பது ஒரு கட்சி. அந்தப் பெண்கள் சாகத்தான் விரும்பினார்கள் என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் அவள் பேச்சு எங்கே என்பதுதான் கேள்வி. முதல் பகுதியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் ஃபூக்கோவும் தெலூஸும் 1972இல் பேசிக்கொண்ட ஓர் உரையாடலோடு அங்கே மல்லுக்கட்டுகிறார். ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் நிலைமை தெரியும், அவர்களே பேசுவார்கள், நாம் எதற்கு நடுவில் என்கிற மாதிரி அவர்கள் பேசுவார்கள். அடக்கமாகத் தெரிகிற இந்தப் பேச்சில், பேசுகிற ஆசாமி நைசாக மறைந்துகொள்கிறாரே என்று பிடிக்கிறார் ஸ்பிவாக்.

பேச முடியாது என்று கட்டுரையில் முடித்தாரே, அது சொல்லியிருக்கக் கூடாத வாக்கியம் என்று 1999இல் அவரே எழுதினார். கைடில் இருக்காது.


நெல்லைச்சீமை (புதன், காலை 7.50)

சார், பஸ்ஸில் படித்தேன். ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

என் ஏழாவது ஸ்லைடில் 'அவர்களால் பேச முடியாது' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அவள் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.


மெய்ப்புத்திருத்தி (புதன், பகல் 1.20)

கோட்பாட்டு நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து வயிறு வளர்க்கிறவன் நான். 'விளிம்புநிலை' என்ற சொல்லோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு.

இதன் மூலச்சொல் 'சபால்டர்ன்', இத்தாலியக் கம்யூனிஸ்ட் கிராம்ஷி சிறையில் எழுதிய குறிப்பேடுகளில் வருகிறது. 1926இல் கைது. ஆமாம், புவனேஸ்வரி இறந்த அதே வருடம். 1929இலிருந்து எழுதினார். ராணுவத்தில் கீழ்ப்படிநிலை அதிகாரியைக் குறிக்கும் சொல்லை எடுத்து, தங்களுக்கென்று அரசியல் திரட்சி வாய்க்காமல் பிறர் அதிகாரத்தின் கீழ் கிடக்கும் மக்களுக்கு வைத்தார். 1982இல் வரலாற்றாசிரியர் ரணஜித் குஹாவும் கூட்டாளிகளும் அதை இந்திய வரலாற்றுக்குக் கொண்டுவந்தார்கள். 'அடித்தள மக்கள் ஆய்வு' என்று தமிழில் சொல்கிறவர்கள் இந்தப் பொருளைத்தான் பிடித்தார்கள். விளிம்பு என்றால் ஓரம். ஓரத்தில் இருப்பதும் அடியில் கிடப்பதும் ஒன்றா? ஓரத்தில் இருப்பவனை நடுவுக்கு வா என்று கூப்பிடலாம். அடியில் கிடப்பவன் எழுந்தால் மேலே இருக்கிறவர் சாய வேண்டும்.

'டெக்ஸ்ட்' என்பதற்கு வைத்த 'பிரதி'யும் இதே கதைதான். முதன்முதலில் 'பிரதி தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது' என்று ஒரு வரிக்கு மெய்ப்புப் பார்த்தபோது, ஜெராக்ஸ் கடையைப் பற்றிய கட்டுரை என்றுதான் நினைத்தேன். 'பனுவல்' என்று நல்ல சொல் இருக்கிறது. நூற்பதும் நெய்வதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இருந்தும் பிரதிதான் நின்றுவிட்டது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவின் 'டிகன்ஸ்ட்ரக்சன்' தமிழில் கட்டுடைத்தலா, கட்டவிழ்ப்பா, தகர்ப்பா? தெரிதா சுத்தியல் எடுத்துக்கொண்டு வரவில்லை. ஒரு முடிச்சு எந்த இழையால் நிற்கிறதோ அதே இழையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறார். ஆகவே என் ஓட்டு அவிழ்ப்புக்கு.


சங்கப்பலகை (புதன், பகல் 2.10)

இந்தக் கோட்பாடெல்லாம் புதுசா? சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவில்லை என்று மொழியியலாளர் சொசூர் சொன்னதுதான் இதற்கெல்லாம் அடிப்படை, பெரிய கண்டுபிடிப்பு என்கிறார்கள். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', அதாவது சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது வெளிப்படத் தெரியாது என்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று நாம் ஆறாம் வகுப்பில் படித்ததுதானே. இதற்குப் பிரெஞ்சுக்காரன் வந்து பாடம் எடுக்க வேண்டுமா?


மெய்ப்புத்திருத்தி (புதன், பகல் 2.45)

சொசூர் சுவிஸ்காரர் ஐயா. 1913இல் இறந்துவிட்டார். மாணவர்கள் எடுத்த குறிப்புகளை வைத்து 1916இல் புத்தகம் வந்தது.

தொல்காப்பிய மேற்கோள் சரியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இடுகுறி என்பது சொசூரில் பாதிதான். மீதிப் பாதிதான் ஐம்பது வருடம் கழித்து பாரிஸைக் கலக்கியது. ஒரு சொல்லுக்குத் தன்னளவில் சரக்கு கிடையாது, பக்கத்துச் சொல்லிலிருந்து அது எங்கே பிரிகிறது என்பதுதான் அதன் சரக்கு. ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' ஒன்றே ஒன்று. நமக்கு அக்கா, தங்கை. அக்கா என்ற சொல்லின் வேலியைப் போட்டது தங்கை என்ற சொல். தங்கையை எடுத்துவிட்டால் அக்கா வீங்கி 'சிஸ்டர்' ஆகிவிடும். இதைத் தொல்காப்பியத்தில் காட்டுங்கள், கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன்.


சங்கப்பலகை (புதன், மாலை 6.00)

தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.


சுக்குக்காப்பி (புதன், இரவு 9.30)

மேலே எடுத்துப் படித்தவள் பேசுகிறேன். இங்கிலாந்தில் பண்பாட்டுக் கோட்பாட்டில் எம்.ஏ., ஒரு வருடப் படிப்பு. 180 கிரெடிட், அதில் 60 ஆய்வேட்டுக்கு. வகுப்பு என்றால் ஒரு மேசை, அதைச் சுற்றிப் பதினோரு பேர். வாரம் ஒரு கட்டுரை. அதைப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் நரகம்.

மூன்றாம் வாரம் பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசரின் 1970 கட்டுரை. போலீஸ்காரர் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில் ஓர் ஆள் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்ட 'தன்னிலை' (சப்ஜெக்ட்) ஆகிறான் என்கிற பகுதி. ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் ஒன்றேகால் மணி நேரம் நின்றார். எனக்கு மனம் மதுரை பைபாஸுக்குப் போய்விட்டது. ராத்திரி செக்போஸ்ட்டில் 'ஏய், வண்டிய ஓரங்கட்டு' என்று டார்ச் அடிக்கிறார்கள். கூப்பிட்டது யாரை என்று தெரியாமலே நான்கு வண்டி நிற்கும். ஹெல்மெட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக வைத்திருக்கிற அப்பாவுக்கும் முதுகு கூனும். இதைச் சொன்னேன். அந்த வருடத்தில் வகுப்பு என்னை முதன்முதலாகக் கவனித்தது அன்றைக்குத்தான். இப்படிக் கூப்பிடுவதற்கு அல்தூசர் வைத்த சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ராத்திரி யோசித்தபோது 'விளி' என்று தானாக வந்தது. எட்டாம் வேற்றுமை! சங்கப்பலகை ஐயா, இது உங்களுக்கு.

அப்புறம் காசு. பத்தொன்பது லட்சம் கடன், இன்னும் கட்டுகிறேன். சென்னையில் ஒரு நிறுவனத்தில் செயலிகளுக்கு வாசகம் எழுதுகிற வேலை. படித்ததற்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. உதவித்தொகை இல்லாமல் தயவுசெய்து கிளம்பாதீர்கள். இந்தியாவிலேயே ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வுக்கெனத் துறை இருக்கிறது, கல்கத்தாவில் சமூக அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. முதலில் அங்கே பாருங்கள். எம்ஃபில் 2022 விதிகளோடு போய்விட்டது. எம்.ஏ. முடித்தால் நேரே பிஎச்.டி.தான்.


நெட்_மூன்றாம்முறை (புதன், இரவு 9.41)

பத்தொன்பது லட்சத்துக்கு ஒரு 'ஏய்'.


சுக்குக்காப்பி (புதன், இரவு 9.44)

சிரித்துவிட்டேன். தப்பில்லை, தம்பி.


வடமராட்சி_வாசகன் (வியாழன், காலை 8.10)

பிந்தித்தான் கண்டனான், குறை நினைக்க வேண்டாம். இந்தப் படிப்பின் தாய்வீட்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பெங்குயின் பதிப்பகத்தின் ஆலன் லேன் காசு கொடுத்தார். பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு மட்டுமான இடம். பிறகு அதை நடத்தியவர் ஜமைக்காவில் பிறந்த ஸ்டுவர்ட் ஹால். மாணவரும் ஆசிரியரும் குழுவாக இருந்து எழுதுவதுதான் அங்கே வழக்கம். அந்த நகரின் ஹேண்ட்ஸ்வர்த் பகுதியில் நடந்த ஒரு வழிப்பறி வழக்கில் 1973இல் ஒரு பொடியனுக்கு 20 ஆண்டு, மற்ற இருவருக்கும் 10 ஆண்டு சிறை. ஏன் இவ்வளவு பெரிய தண்டனை என்று கேட்டுத் தொடங்கியவர்கள் பத்திரிகை, நீதிமன்றம், பொலிஸ், இனவெறி, அரசின் நெருக்கடி என்று போய், 1978இல் ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு தடித்த புத்தகத்தை வெளியிட்டார்கள். கிராம்ஷி அங்கே அலங்காரத்துக்கு வரவில்லை. அவரில்லாமல் அந்தத் தண்டனையை விளங்கப்படுத்த முடியாமல் போனதால் வந்தார்.

அதே பர்மிங்காமில், அதே அறுபதுகளில், கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர்கள் எங்கள் ஈழத்துத் தமிழறிஞர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும். கைலாசபதியின் ஆய்வு சங்க வீரநிலைக் கவிதை பற்றியது, 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சிவத்தம்பி எடுத்தது பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம். தாம்சன் மார்க்சியர். ஹோமரைப் படிக்கிற கண்ணால் புறநானூற்றைப் படிக்கலாம் என்று கைலாசபதி காட்டினார். ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் தொலைக்காட்சியையும் பொப் இசையையும் ஆராய்கிறார்கள், இன்னொரு பக்கம் பாணனையும் விறலியையும்.

அந்த மையம் துறையாக மாறி, 2002இல் நிர்வாகம் அதை மூடிவிட்டது. ஆய்வுத் தர மதிப்பீட்டில் புள்ளி குறைவாம். உலகம் முழுக்கக் கிளை விட்ட மரத்தின் அடியை அவர்களே தறித்தார்கள். ஆகவே நெல்லைச்சீமை, எங்கேயாவது போய்ச் சேரும் முன் அந்தத் துறை அடுத்த வருடம் இருக்குமா என்று விசாரியும்.


கரும்பலகை (வியாழன், மதியம் 1.00)

அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். கோட்பாடு தமிழுக்கு வந்தது ஆங்கிலத் துறைகள் வழியாக மட்டும் இல்லை. அமைப்பியல் பற்றிய தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூல் வந்தது 1982இல். அப்போது எம்.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்கு எலியட்டோடு கதவு மூடிவிடும். தமிழ்ச் சிறுபத்திரிகை படிக்கிற ஒரு தபால்காரருக்குப் பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த்தைத் தெரியும், எங்கள் பேராசிரியருக்குத் தெரியாது. மிகைப்படுத்தவில்லை, அந்தத் தபால்காரர் எங்கள் தெருக்காரர். அப்புறம் தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' இதழ். ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி நடத்தியது. ஃபூக்கோவை அவர்கள் தேர்வுக்காகப் படிக்கவில்லை. தலித் அரசியலுக்கு அது எதற்கு உதவும் என்று பார்த்தார்கள். எழுத்து கரடுமுரடாக இருந்தது உண்மைதான். ஆனால் கைடு மாதிரி வழவழவென்று இருப்பதைவிட அது மேல்.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய ஆங்கில நூலையும் எடுங்கள். ஏழைகள் அவருக்கு ஏன் ஓட்டுப் போட்டார்கள் என்கிற கேள்விக்கு, அறியாமை என்று சொல்லித் தப்பிக்காத புத்தகம். மேலாண்மை (ஹெஜிமனி), அதாவது ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தோடு நடக்கிற ஆதிக்கம் என்ற கிராம்ஷியின் சொல் எனக்கு உறைத்தது அதில்தான்.


நெல்லைச்சீமை (அடுத்த செவ்வாய், இரவு 9.15)

செமினார் முடிந்தது. ஸ்லைடு கிடையாது. சார் சொன்ன மாதிரி கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். முழுக் கட்டுரையும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன், முதல் பகுதியில் பாதி இன்னும் இருட்டுதான்.

மேடம் இந்தத் தடவையும் ஒரு கேள்வி: "அவ வீட்டுப் பொம்பளைங்களே ஏன் அந்தக் கதையைச் சொன்னாங்க?" வகுப்பு பிய்த்துக்கொண்டது. பயம் என்றாள் ஒருத்தி. குண்டு வைக்கிற பெண்ணைவிடக் காதலித்த பெண்ணைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்வது சுலபம் என்றாள் இன்னொருத்தி. பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போது பின் பெஞ்சில் ஒருத்தி, "எங்க வீட்ல கன்னி கும்பிடுவோம்ல, அதுவும் இப்படித்தான இருக்கும்" என்றாள். எங்கள் பக்கத்தில் தெரியும், கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது. எங்கள் வீட்டிலும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை ஓலைப்பெட்டியை இறக்கி, பழைய பாவாடை சட்டையை எடுத்துவிட்டுப் புதிதை மடித்து வைப்போம். கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவள் எப்படிச் செத்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரி ஆச்சியிடம் கேட்டேன். காய்ச்சல் என்றாள். அத்தைக்குப் போன் போட்டேன், கிணறு என்றாள். மறுபடி ஆச்சியிடம் போய், "கிணறுன்னு அத்தை சொல்லுதாளே" என்றேன். "அதெல்லாம் எதுக்குட்டி கேக்க?" என்று லைட்டை அணைத்துவிட்டாள்.


நெட்_மூன்றாம்முறை (அடுத்த செவ்வாய், இரவு 9.32)

தங்கச்சி, அந்தக் கன்னியின் பெயர் என்ன?


நெல்லைச்சீமை (அடுத்த செவ்வாய், இரவு 9.50)

கேட்டேன் அண்ணா. கன்னின்னுதான் சொல்லுவோம் என்றாள் ஆச்சி.


கரும்பலகை (அடுத்த செவ்வாய், இரவு 10.20)

ஆச்சி சொன்னது, அத்தை சொன்னது, இரண்டையும் இன்றைக்கே அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். தேதி போடுங்கள். லைட்டை அணைத்ததையும் எழுதுங்கள். கோட்பாடு இப்போதைக்கு வேண்டாம், அது அப்புறம் வரட்டும். ஆச்சியை மறுபடி தொந்தரவு பண்ணாதீர்கள். அடுத்த தடவை பெட்டி இறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்க உதவி பண்ணுங்கள்.